கோஃபாவில் எட்டு ஆண்டுகளின் பின் மீண்டும் கூடாரம்: கல்லும் மணலும் மாறுமா?

2 பெப்ரவரி 2025 (வாசகர் கேள்வி)

ஐயா, நீங்கள் 2017 இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கோஃபா என்ற பாலைவன வனவிலங்குப் புகலிடத்தில் கூடாரம் அடித்துத் தங்கியதைப் பற்றி முன்னர் எழுதியிருந்தீர்கள். இந்தத் தைப்பொங்கலுக்கும் அங்கேதான் போய்வந்தீர்கள் என்று அறிகிறேன். பாலைவனம் என்றால் கல்லும் மணலும். அவை எட்டு ஆண்டுகளில் மாறவா போகின்றன? அந்தச் செலவுக்கு வேறோர் இடத்தைப் பார்த்திருக்கலாமே.
சுன்னாகத்திலிருந்து ஒரு வாசகர்

3 பெப்ரவரி 2025, இரவு

கேள்வி நியாயமானது. புறப்படும் முன் என் மனைவியும் இதையேதான் கேட்டார். தங்கை குடும்பம் பீனிக்ஸ் நகரில் இருப்பதால் அவர்களைப் பார்ப்பதே பயணத்தின் முதல் நோக்கம். கூடாரம் அதற்குள் நான்கு நாள் மட்டும். 2020 இல் போக இருந்தது கொரோனாவால் நின்றது. 2022 இல் பெற்றோல் வரிசையில் இரவைக் கழித்துக்கொண்டிருந்த காலத்தில் விமானச் சீட்டைப் பற்றி யார் நினைப்பார்? அப்படியே எட்டு ஆண்டுகள் ஓடிவிட்டன.

முதலில் மணலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மணல் பார்க்க வேண்டுமானால் வடமராட்சி கிழக்கில் மணற்காட்டுக்குப் போனால் போதும். கோஃபாவில் அவ்வளவு மணல் இல்லை. அங்கே இருப்பவை எரிமலைப் பாறையாலான மலைத்தொடர்களும், அவற்றின் அடியில் சரளைக்கல் பாவிய சமவெளியும், மழை பெய்தால் மட்டும் வெள்ளம் ஓடும் அகன்ற வாய்க்கால்களுமே. புகலிடத்தின் பரப்பு 665,400 ஏக்கர், அதாவது ஏறத்தாழ 2,690 சதுர கிலோமீற்றர். நம் யாழ்ப்பாண மாவட்டத்தை இரண்டு முறை உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். அங்கே ஒரு காலத்தில் ‘கிங் ஒப் அரிசோனா’ என்ற தங்கச் சுரங்கம் இருந்தது. அதன் பொருட்களில் குத்திய சுருக்க முத்திரையிலிருந்துதான் கோஃபா என்ற பெயர் வந்தது. 1939 இல் பெருங்கொம்புச் செம்மறிகளைக் காப்பதற்காக அந்த நிலம் ஒதுக்கப்பட்டது. அதற்காக அரிசோனாவின் சாரணச் சிறுவர்கள் 1936 முதல் சுவரொட்டி வரைந்தும் பாடசாலை பாடசாலையாகப் பேசியும் இயக்கம் நடத்தினார்கள் என்பதை ஒரு பழைய ஆசிரியனாக நான் மகிழ்ச்சியோடு நினைவில் வைத்திருக்கிறேன்.

இனி, மாறுமா என்ற கேள்விக்கு வருகிறேன். மாறுகிறது, ஐயா. 2017 பெப்ரவரியில் நாங்கள் போனது நல்ல மழைக்குப் பிந்திய காலம். ஒக்கொட்டீயோ என்ற முட்செடி அங்கே எங்கும் நிற்கும்; அடியிலிருந்தே பத்துப் பதினைந்து நீண்ட தடிகளாகப் பிரிந்து மேலே போகும். அந்த முறை தடியெல்லாம் பச்சை இலை போர்த்தியிருந்தது. இந்த ஜனவரியில் அதே செடி, இலை உதிர்த்த கிளுவங்கதியாலைப் போலச் சாம்பல் நிறமாக நின்றது. பீனிக்ஸ் நகரில் 2024 ஓகஸ்ட் பிற்பகுதிக்குப் பின் அளவெடுக்கத்தக்க மழையே பெய்திருக்கவில்லை. நாங்கள் முகாமுக்குப் போனபோது ஏறத்தாழ ஐந்து மாதம் ஆகியிருந்தது. நிலத்தில் அன்று கண்ட சிறு மஞ்சள் பூக்களில் ஒன்றுகூட இல்லை. கிறியோசோட் புதர்களின் இலையைக் கையில் கசக்கினால் 2017 இல் மழை வாசம் வந்தது. இம்முறை கைக்குள் ஊதி ஈரப்படுத்திய பிறகே அந்த வாசம் எழும்பியது.

எல்லாவற்றையும் விட என்னைப் பாதித்தது, முன்பு நாங்கள் கூடாரம் அடித்த அயன்வுட் மரம் பட்டுப்போயிருந்ததுதான். நூற்றாண்டுக் கணக்கில் வாழும் மரம் அது. அதன் நிழலில் நான் ஒரு மதியம் முழுவதும் படுத்திருந்தேன். இப்போது பட்டை உரிந்து எலும்பு போல நிற்கிறது.

4 பெப்ரவரி 2025

கூடாரம் அடிக்க அனுமதிச் சீட்டு வேண்டுமா, கட்டணம் எவ்வளவு என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். கட்டணம் இல்லை. பன்னிரண்டு மாதத்துக்குள் 14 நாள் வரை தங்கலாம். வாகனத்தைத் தடத்திலிருந்து 100 அடிக்குள் நிறுத்த வேண்டும். நீர்நிலையிலிருந்து கால் மைல் தூரத்துக்குள் முகாம் அடிக்கக் கூடாது. மனிதர் பக்கத்தில் இருந்தால் விலங்குகள் தண்ணீருக்கு வராமல் தாகத்தோடு திரும்பிவிடும் என்பதே காரணம். குடிநீர், கழிப்பறை, மின்சாரம் எதுவும் கிடையாது. நாங்கள் நான்கு பேருக்கு 80 லீற்றர் தண்ணீரைக் கலன்களில் கொண்டுபோனோம். விறகும் தண்ணீரும் குவார்ட்ஸைட் என்ற சிற்றூரிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். ஜனவரியில் அந்த ஊரே வீட்டுவண்டிகளால் நிரம்பியிருக்கும். அங்கிருந்து தெற்கே 18 மைல் நெடுஞ்சாலை, பிறகு கிழக்கே 7 மைல் சரளைத் தடம்.

8 பெப்ரவரி 2025

பனையைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டவர் கொடிகாமத்துக்காரர் என்பதில் வியப்பில்லை.

அந்த 7 மைல் தடம் முடியும் இடத்தில் ‘பாம் கன்யன்’ என்ற மலைப்பிளவு தொடங்குகிறது. அரை மைல் கல்லுப் பாதையில் ஏறினால் இடப்பக்கச் செங்குத்துப் பாறையின் நடுவே ஓர் ஒடுக்கமான வெடிப்பு. அதற்குள்ளே விசிறிப் பனைகள். அரிசோனாவில் இயற்கையாகப் பனை வளரும் இடங்கள் மிகக் குறைவு, இது அவற்றில் ஒன்று. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பனியுகம் முடிந்து நாடு வறண்டபோது ஈரம் எஞ்சிய பிளவுகளில் தப்பிய மரங்களின் வழித்தோன்றல்கள் என்று சிலர் சொல்கிறார்கள். பறவையும் கொயோட் என்ற நரியும் விதையைச் சுமந்து வந்தன என்று வேறு சிலர் சொல்கிறார்கள்.

எங்கள் பனைக்கு அது தூரத்து உறவு. மட்டையின் இரு விளிம்பிலும் கருக்கு இருக்கிறது. ஓலை விரியும் விதமும் அதேதான். நுனிகளில் மட்டும் வெள்ளை நூல்கள் தொங்கும். நுங்கு இல்லை, கடலை அளவில் கறுத்த பழம், அதில் தோலோடு ஒட்டிய சிறிது இனிப்புச் சதை. ஆண்பனை, பெண்பனை என்ற பிரிவும் அங்கே கிடையாது. ஏறி வெட்டுவார் இல்லாததால் காவோலைகள் விழாமல் தண்டைச் சுற்றி ஒரு பாவாடை போலத் தொங்குகின்றன. நம்மூரில் ஏறுவார் இல்லாத வளவுகளில் நிற்கும் பனைகள் எனக்கு நினைவுக்கு வந்தன.

இரண்டாம் முறை எதற்கு என்ற கேள்விக்கு இந்தப் பிளவில்தான் எனக்குச் சரியான விடை கிடைத்தது. 2017 இல் நாங்கள் போனது பின்னேரம் மூன்று மணி. பனைகள் இருட்டுக்குள் ஏதோ கறுப்பாக நின்றன. படமும் விழவில்லை, நானும் ஏமாற்றத்தோடு இறங்கினேன். அந்தப் பிளவு ஒடுங்கியதால் சூரியன் உச்சிக்கு வரும் சிறிது நேரம்தான் உள்ளே வெயில் விழும் என்பதை அறியாமல் போனது எங்கள் பிழை. இம்முறை பத்தரைக்கே போய் எதிர்ப்பக்கத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டோம். முதலில் ஒரு காவோலை நுனி மட்டும் பொன்னிறமானது. பிறகு வெயில் ஓலை ஓலையாக இறங்கி, கடைசியில் பிளவு முழுவதும் பச்சையாக எரிந்தது. என் தங்கை பேசாமல் இருந்தவள், “அண்ணா, எங்கட வளவு மாதிரி இருக்கு” என்று மட்டும் சொன்னாள். அவள் வளவை விட்டுப் போய் முப்பது ஆண்டு. மீண்டும் நிழல் ஏறும்வரை நாங்கள் அங்கேயே இருந்தோம்.

9 பெப்ரவரி 2025

நேற்றைய குறிப்பில் ‘இடப்பக்கம்’ என்று எழுதியது ஏறிப்போகிறவருக்கு இடப்பக்கம். அதாவது வடக்குச் சுவர். திசை தெரியாமல் தேடினால் பனைகளைக் காணாமலே திரும்பிவிடலாம்; வழியில் சிறு பலகை ஒன்று உண்டு.

11 பெப்ரவரி 2025

அங்கே மிருகங்களால் ஆபத்து உண்டா என்று கேட்கிறார்கள். கிலுகிலுப்பைப் பாம்பு, தேள், மலைச்சிங்கம் எல்லாம் உண்டு. ஜனவரிக் குளிரில் பாம்பு வெளியே வருவது அரிது. ஆனால் நான் எழுத விரும்பும் ஆபத்து வேறு.

புகலிடத்துக்குள் நுழையும் இடத்தில் ஓர் அறிவிப்பு இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தப் பாலைவனம் படைப்பயிற்சி நிலமாக இருந்தது, வெடிக்காத வெடிபொருட்கள் இன்னும் கிடக்கக்கூடும், உலோகப் பொருள் எதையாவது கண்டால் தொடாதீர்கள் என்பது அதன் சாரம். எல்லையை ஒட்டி இன்றும் ஆயுதங்களைச் சோதிக்கும் படைத்தளம் ஒன்று உள்ளது.

2017 இல் அந்த அறிவிப்பைப் படித்தபின் நான் நடந்த விதத்தை என் மருமகன் கவனித்திருக்கிறான். அப்போது அவனுக்குப் பதினான்கு வயது. “மாமா, ஏன் கார் போன தடத்திலேயே நடக்கிறீங்கள்?” என்று கேட்டான். நான் அதை அறியாமலே செய்துகொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதியில் தெற்கே போகிறவர்களுக்கு முகமாலையின் சிவப்புப் பலகைகள் தெரியும். மண்டையோடு வரைந்து ‘மிதிவெடி’ என்று எழுதியவை. மிதிவெடி அகற்றுகிறவர்கள் அங்கே முழந்தாளில் இருந்து ஒரு முழம் நிலத்தை ஒரு காலை முழுவதும் சுரண்டிக்கொண்டிருப்பதைப் பேருந்துச் சன்னலால் எத்தனை ஆண்டு பார்த்தோம். 1990களில் காணி பார்க்கப் போகும்போது முன்னே நடந்தவரின் காலடியில் காலை வைத்து நடந்த தலைமுறை நாங்கள். அந்தப் பழக்கம் உடம்புக்குள் இருக்கிறது. அவனுக்கு அதை எப்படிச் சொல்வது என்று எனக்கு அன்று தெரியவில்லை. “பழக்கம்” என்று மட்டும் சொன்னேன்.

அன்றிரவு தெற்கே எங்கோ ‘தும்’ என்று ஒரு சத்தம், சிறிது நேரத்தில் இன்னொன்று. தங்கையும் நானும் ஒரே நேரத்தில் எழுந்து உட்கார்ந்தோம். மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

இம்முறை மருமகனுக்கு இருபத்திரண்டு வயது. அறிவிப்பின் முன்னால் வாகனத்தை நிறுத்தியதும் அவனே, “மாமா, இந்த முறை அந்தப் பழக்கத்தைச் சொல்லுங்கோ” என்றான். அடுப்பு மூட்டிய பின் சொன்னேன். கேட்டு முடித்தபின் ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு போய், கூடாரத்துக்கும் வாகனத்துக்கும் நடுவே உள்ள நிலத்தை ஒரு முறை முழுவதும் பார்த்துவிட்டு வந்து, “ஒன்றும் இல்லை, நீங்கள் நடக்கலாம்” என்றான். நான் சரளையில் நேராக நடந்து போய்ப் படுத்தேன்.

16 பெப்ரவரி 2025 (ஒரு திருத்தம்)

3 ஆம் திகதிக் குறிப்பில், நாங்கள் முன்பு தங்கிய அயன்வுட் மரம் பட்டுப்போய்விட்டது என்று எழுதினேன். அது தவறு. அதை வாசித்த மருமகன் 2017 இல் எடுத்த படத்தையும் இந்த ஆண்டுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பியிருக்கிறான். பழைய படத்தில் மரத்தின் பின்னாலுள்ள மலை முகட்டில் பல்லுடைந்தது போன்ற ஒரு பள்ளம், வலப்பக்கக் கிளைக்கு நேர் மேலே தெரிகிறது. புதிய படத்தில் அந்தப் பள்ளம் இடப்பக்கம் வெகுதூரம் தள்ளி இருக்கிறது. நாங்கள் தடத்தில் வேறொரு ஒதுங்கிடத்தில், அரைக் கிலோமீற்றராவது தள்ளி, கூடாரம் அடித்திருக்கிறோம். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரங்கிய மரம் நமக்கு அறிமுகமில்லாத ஒரு மரம்.

இதனால் என் வாதத்தில் ஒரு தூண் விழுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த மரம் எப்போது பட்டது என்பது எனக்குத் தெரிய வழியில்லை. அயன்வுட் மரம் பட்டபின்னும் நெடுங்காலம் விழாமல் நிற்கும் கடும் வைரம் கொண்டது. நான் பிறப்பதற்கு முன்பே அது பட்டிருக்கலாம். வறட்சிதான் அதைக் கொன்றது என்று நான் எண்ணியதற்கு என் கவலையைத் தவிர வேறு சான்று இருக்கவில்லை. ஒக்கொட்டீயோவும் பூக்களும் பற்றி எழுதியதில் மாற்றமில்லை. அவற்றுக்கு இரண்டு ஆண்டின் படங்களும் உள்ளன. ஆனால் ஒக்கொட்டீயோ இலை உதிர்ப்பது சாவதற்கு அன்று, மழை வந்தால் சில நாளிலேயே மீண்டும் துளிர்க்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

20 பெப்ரவரி 2025

சுன்னாகத்து வாசகர் மீண்டும் எழுதியிருக்கிறார்: “அப்படியானால் மாறியது எது? மரம் மாறவில்லை, செடி மீண்டும் துளிர்க்கும், பனை நின்றபடி நிற்கிறது.” கூர்மையான கேள்வி. நான்கு நாள் யோசித்தேன். மாறியது, தண்ணீரைப் பற்றிய என் எண்ணம்.

செம்மறிகளுக்காகவே ஒதுக்கிய நிலம் அது என்று சொன்னேன். 2000 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 800 ஆக இருந்த அவற்றின் தொகை, 2006 இல் ஏறத்தாழ 390 ஆகக் குறைந்தது. வறட்சியா, மலைச்சிங்கமா, நோயா, வேறு இடங்களில் குடியேற்றப் பிடித்துக் கொண்டுபோனதா என்று விவாதம் எழுந்தது. 2007 இல் அதிகாரிகள் இரண்டு நீர்த்தொட்டிகளை அமைத்தார்கள்: மழைநீரைப் பிடித்து நிலத்துள் புதைத்த குழாய்களில் சேமித்து, விலங்கு குடிக்க ஒரு சிறு தொட்டியில் விடும் ஏற்பாடு. ஆனால் புகலிடத்தின் நான்கில் மூன்று பங்குக்கு மேலான நிலம் 1990 முதல் சட்டப்படி ‘மனிதக் கைபடாத வனம்’. அதற்குள் கட்டுமானம் செய்ய, அது இன்றியமையாதது என்று காட்ட வேண்டும். வன ஆர்வலர்கள் வழக்குப் போட்டார்கள். 2010 டிசம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், அதிகாரிகள் அந்தத் தேவையைப் போதுமான அளவு விளக்கவில்லை என்று தீர்ப்பளித்தது.

2017 இல் இதைக் கேள்விப்பட்டபோது நான் முழுக்க முழுக்க வழக்குப் போட்டவர்களின் பக்கம். வனத்தில் கொங்கிறீற்று எதற்கு என்று அத்தானோடு (அவர் என் தங்கையின் கணவருடைய அண்ணன், நாங்கள் எல்லோரும் அத்தான் என்றே அழைப்போம்) இரவெல்லாம் வாதாடினேன். இந்த முறை எனக்கு அந்த உறுதி இல்லை.

காரணம் ஒன்று, நான் கண்ட காட்சி. ஜனவரி 13 ஆம் திகதி மாலை, மலையடியில் ஒரு கல் உருளும் சத்தம். தொலைநோக்கியை எடுத்து இருபது நிமிடம் தேடியும் பாறையைத் தவிர ஒன்றுமில்லை. பிறகு அந்தப் பாறையின் ஒரு துண்டு நகர்ந்தது. பின்புறத்தில் வெள்ளைத் திட்டு. ஒரு பெட்டையும் அதன் பின்னால் குட்டி ஒன்றும். விலா எலும்பு இருந்த இடம் நிழலாகத் தெரிந்தது. இரண்டும் ஒரு வாய்க்காலின் தலைப்பக்கம் போய், பாறையில் கிண்ணம் போலக் குழிந்த ஒரு சுனையருகே நின்றன. பெட்டை தலையை உள்ளே விட்டது. விட்ட வேகத்திலேயே எடுத்துவிட்டது. சிறிது நின்று, இன்னொரு முறை விட்டது. குட்டி முட்டிக்கொண்டு நின்றது. பின்னர் இரண்டும் மேலே ஏறி மறைந்துவிட்டன. அந்தச் சுனையில் தண்ணீர் இருந்ததா என்று போய்ப் பார்ப்பது முறையாகப் படவில்லை; போகவும் இல்லை.

காரணம் இரண்டு, நம் ஊர். பழைய வீதிகளின் ஓரம் கேணியும், மாட்டுக்குத் தண்ணீர்த்தொட்டியும், பக்கத்தில் ஆவுரஞ்சிக்கல்லும் வைத்தவர்கள் நம் முன்னோர். உடம்பை உரஞ்ச ஒரு கல்லும் வேண்டுமே என்று நினைத்த மனம் அது. ஐந்து மாதம் மழையில்லாத நாட்டில் ஒரு தொட்டி வேண்டாம் என்று சொல்ல, அந்தக் கேணிப் படியில் விளையாடி வளர்ந்த எனக்கு வாய் வரவில்லை.

21 பெப்ரவரி 2025

இதையும் சேர்க்க வேண்டும். அங்கே கவைக்கொம்பு மானின் பாலைவன இனம் ஒன்று உண்டு. 2002 வறட்சியில் அமெரிக்க எல்லைக்குள் எஞ்சியவை ஏறத்தாழ 21 மட்டுமே. அடைப்பில் வைத்துத் தண்ணீரும் தீனியும் கொடுத்துப் பெருக்கித்தான் அந்த இனத்தைக் காப்பாற்றினார்கள். பின்னர் கோஃபாவிலும் அடைப்பு அமைத்து அங்கிருந்து வெளியே விட்டார்கள். கைபடாமல் விட்டிருந்தால் அவை இன்று இல்லை என்றே நினைக்கிறேன்.

23 பெப்ரவரி 2025

நெடுந்தீவிலிருந்து ஒருவர் நீண்ட மறுப்பு எழுதியிருக்கிறார். சுருக்கம் இது: கேணி மாட்டுக்கு வைத்தது, மாடு நம் வீட்டு உயிர், காட்டு விலங்குக்குத் தொட்டி வைப்பது வேறு. அவர்கள் தீவின் குதிரைகள் கோடையில் தண்ணீரின்றி மடியும்போது தொட்டி வைக்கிறார்கள். தொட்டி உள்ள இடத்திலேயே குதிரைகள் கூடி, சுற்றிலும் புல்லைக் கரம்பி, நிலத்தை மிதித்துப் புழுதியாக்கி, கடைசியில் தண்ணீர் இருந்தும் தீனியில்லாமல் வாடுகின்றன என்கிறார். தண்ணீருக்கு வரும் இரையைப் பிடிக்க மலைச்சிங்கமும் தொட்டியடியில்தானே காத்திருக்கும் என்றும் கேட்கிறார்.

இந்த இரண்டாவது கருத்து என்னை நிறுத்திவிட்டது. நான் அதை நினைத்தே பார்க்கவில்லை. கோஃபா வழக்கிலும் மலைச்சிங்கத்தைப் பற்றிய பேச்சு வந்தது. தொட்டி தேவையா, அதற்கு முன் வேட்டையையும் ஆடு பிடித்தலையும் நிறுத்திப் பார்த்தால் போதாதா என்பதுதான் கேள்வி. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கொண்டுவந்த குதிரையையும், அந்த மண்ணிலேயே தோன்றி வளர்ந்த செம்மறியையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்று மட்டும் பதில் சொல்வேன். மற்றபடி அவர் சொல்வதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. வறண்ட ஆண்டில் தொட்டி வேண்டும் என்றே இன்னும் நினைக்கிறேன். எத்தனை, எங்கே, யாரைக் கேட்டு முடிவெடுப்பது என்பதை அந்த நீதிமன்றம் கேட்டது போலக் கேட்கத்தான் வேண்டும். 20 ஆம் திகதிக் குறிப்பை எழுதும்போது எனக்கு இருந்த வேகம் இப்போது இல்லை.

2 மார்ச் 2025

பொங்கலைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

14 ஆம் திகதி விடியற்காலை, தண்ணீர்க் கலனின் வாயில் மெல்லிய பனிக்கட்டி. மூன்று கல் வைத்து, குவார்ட்ஸைட்டில் வாங்கிய விறகால் அடுப்பு மூட்டினோம். பானை தங்கையின் வீட்டுப் பானை. பச்சையரிசியும் பயறும் பீனிக்ஸ் கடையில் வாங்கியவை. பனங்கட்டி மட்டும் நான் பருத்தித்துறையிலிருந்து குட்டானோடு கொண்டுபோனது. கோலம் போட மாவு வேண்டாம் என்று முடிவெடுத்தோம், ஏனென்றால் கொட்டிய மாவுக்கு விலங்குகள் வரும். மருமகன் சிறு கற்களைச் சதுரமாக அடுக்கினான், புறப்படும்போது அவற்றைக் கலைத்துவிட்டோம்.

ஒரு சிக்கல் வந்தது. எங்கள் முகாமுக்குக் கிழக்கேதான் கோஃபா மலை. வானம் வெளுத்து வெகுநேரமாகியும் சூரியன் மலைக்கு மேலே வரவில்லை. பால் பொங்கும் தருணத்தில் சூரியனைக் காண வேண்டும் என்பது தங்கையின் பிடிவாதம்; பால் யாருக்காகவும் காத்திராது என்பது மச்சானின் வாதம். கடைசியில் விறகை இழுத்து இழுத்துத் தீயைத் தணித்து, முக்கால் மணி நேரம் பானையை அப்படியே வைத்திருந்தோம். முகட்டின் அந்தப் பல்லுடைந்த பள்ளத்தில் முதலில் வெளிச்சம் தெரிந்தது. தங்கை விறகை உள்ளே தள்ளினாள். பால் நுரைத்து கிழக்குப் பக்கமாகவே சரிந்தது. அவள் அம்மாவைப் போலவே இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பினாள். அம்மா இறந்தபோது அவளால் ஊருக்கு வர முடிந்திருக்கவில்லை.

பனங்கட்டிக் குட்டானின் ஓலையை அவள் எறியவில்லை; வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாமிப்படத்தடியில் வைத்திருக்கிறாள்.

3 மார்ச் 2025

அங்கிருந்து பனை விதை கொண்டுவந்தீர்களா என்று கேட்டவருக்கு: இல்லை. புகலிடத்தில் செடி, விதை, கல், பழம்பொருள் எதையும் எடுக்கக் கூடாது. குறித்த ஒரு சிறு பகுதியில் மட்டும் மேலாகக் கிடக்கும் படிகக் கல் பொறுக்கலாம். சோய்யா என்ற கள்ளியின் முட்துண்டு ஒன்று என் காற்சட்டையோடு வாகனம் வரை வந்தது. அதைக் கையால் இழுக்கக் கூடாது, விரலிலும் ஏறிக்கொள்ளும். சீப்பின் பல்லைத் துண்டுக்கும் துணிக்கும் நடுவே விட்டு ஒரே வீச்சில் தட்டிவிட வேண்டும். போகிறவர்கள் ஆளுக்கொரு சீப்பு வைத்திருங்கள்.

4 மே 2025

மருமகன் போன கிழமை தன் நண்பனோடு ஓர் இரவு மட்டும் கோஃபாவுக்குப் போய்வந்தான். நான் கேட்கவில்லை, தானாகவே பழைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முகட்டுப் பள்ளம் வலப்பக்கக் கிளைக்கு நேராக வரும்வரை தடத்தில் ஒவ்வோர் ஒதுங்கிடமாக நின்று பார்த்திருக்கிறான். ஐந்தாவது இடத்தில் பொருந்தியது. படம் அனுப்பியிருக்கிறான்.

மரம் உயிரோடு நிற்கிறது. சாம்பல் பச்சை இலைகளுக்கு இடையே வெளிர் ஊதாப் பூக்கள், அவரைப் பூவைப் போல. தேனீ ஒன்றும் படத்தில் விழுந்திருக்கிறது. நாங்கள் அன்று அடுப்புக்கு வைத்த மூன்று கற்களில் இரண்டு, மண்ணில் பாதி புதைந்து அதே இடத்தில் இருக்கின்றன. வலப்பக்கத்துப் பெரிய கிளை அடியோடு ஒடிந்து நிலத்தில் கிடக்கிறது. அது கிடக்கும் இடம் 2017 இல் எங்கள் கூடாரம் நின்ற இடம். எப்போது விழுந்தது என்று அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒடிந்த வாய் நரைத்துப் பழசாக இருக்கிறது என்கிறான்.

அடுத்த முறை அந்த மரத்தடியில் கூடாரம் அடிக்க வேண்டாம், இருபது அடி தள்ளி அடிப்போம் என்று அவனுக்கு எழுதியிருக்கிறேன். வாகனத்தை 100 அடிக்குள் நிறுத்தும் விதிக்கு அது இடைஞ்சல் இல்லை, அளந்து பார்த்துவிட்டேன் என்று பதில் வந்திருக்கிறது.